பாலட்டோன் ஏரிக்கரை ஒயின்கள்: எந்த ஊர் பாட்டில், எந்தத் தட்டுக்கு?

மீனுக்கு வெள்ளை ஒயின், இறைச்சிக்குச் சிவப்பு என்ற வாய்ப்பாட்டை ஹங்கேரியின் பாலட்டோன் ஏரிக்கரைக்குக் கொண்டுபோனால் முதல் நாளே அது கைவிட்டுவிடும். அங்கே விளைவதில் பெரும்பங்கு வெள்ளைதான். வாத்து வறுவலுக்கும் வெள்ளை, பாப்ரிகா என்ற செம்மிளகாய்த் தூள் போட்ட மீன் குழம்புக்கும் வெள்ளை, எண்ணெயில் பொரித்த லாங்கோஷ் என்ற தட்டை ரொட்டிக்கும் வெள்ளை. எந்த வெள்ளை என்று தெரிந்துகொள்ள இரண்டைப் பார்த்தால் போதும்: பாட்டிலில் எழுதியிருக்கும் ஊர்ப்பெயர், தட்டில் இருக்கும் கொழுப்பு.

முதலில் ஊர்

ஏரி ஏறக்குறைய 77 கிலோமீட்டர் நீளம். ஆனால் சராசரி ஆழம் மூன்று மீட்டர் சொச்சம்தான். ஆழமில்லாத நீர் கோடையில் சட்டென்று சூடேறும். இலையுதிர் காலத்தில் கரையோரத்தின் குளிரைக் கொஞ்சம் தணிக்கும். வடகரைக் குன்றுகள் தெற்கு பார்த்தவை என்பதால் நேர் வெயிலோடு நீரில் பட்டுத் திரும்பும் வெளிச்சமும் கொடிகளுக்குக் கிடைக்கிறது.

வடகரையின் மேற்குப் பகுதியில் படாச்சோனி, சென்ட் ஜியார்ஜ் குன்று முதலியவை பழைய எரிமலைகளின் மிச்சம். உச்சி தட்டையாக, பக்கமெல்லாம் கருங்கல் போன்ற பசால்ட் பாறை. இங்கே விளையும் ஒயினில் பழவாசனை அடக்கமாகவும், புளிப்பும் லேசான உப்புச்சுவையும் முன்னாலும் நிற்கும். கிழக்கே சோபக், பாலட்டோன்ஃப்யூரெட் பக்கம் போனால் செம்மணற்கல், சுண்ணாம்பு, களிச்சுண்ணம் என்று மண் மாறும். ஒயின் இன்னும் வழவழப்பாக, உருண்டு வரும். இடையில் ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் டிஹானி தீபகற்பமும் எரிமலை மண்தான். வடகரையில் நல்ல சிவப்பு ஒயின் தேடுபவர்கள் அங்கேதான் போவார்கள். தென்கரை, அதாவது பாலட்டோன்போக்லார் வட்டாரம், காற்றடித்துக் கொண்டுவந்த வண்டல் மண்ணும் மணலும். பழவாசனை தூக்கலான, இளசாகவே குடிக்க வேண்டிய வெள்ளை, ரோஸே என்ற இளஞ்சிவப்பு ஒயின், நுரைக்கும் ஒயின், கூடவே மெர்லோ போன்ற சிவப்புகளும் அங்கே.

ஷோம்லோ குன்று கரையில் இல்லை, வடக்கே தள்ளி இருக்கிறது. ஆனால் பாலட்டோன் ஒயின் பிரதேசத்துக்குள்தான் அதையும் சேர்த்திருக்கிறார்கள். அதன் ஒயின் இந்தப் பட்டியலிலேயே முரட்டுத்தனமானது.

லேபிளில் என்ன பார்ப்பது

ஊர்ப்பெயரின் கடைசியில் ஓர் 'இ' ஒட்டிக்கொண்டிருக்கும்: சோபக்கி, படாச்சோனியி, ஷோம்லோயி. அந்த ஊரைச் சேர்ந்தது என்று பொருள். அதையடுத்துத் திராட்சையின் பெயர். 'ட்யூலோ' என்ற சொல்லோ, ஊர்ப்பெயருக்கும் திராட்சைப் பெயருக்கும் நடுவில் இன்னொரு பெயரோ இருந்தால் அது ஒரே தோட்டத்துப் பழத்தில் செய்தது. கனமும் விலையும் ஒரு படி மேலே.

இனிப்பின் அளவைச் சொல்லும் சொற்கள் நான்கு. 'ஸாரஸ்' என்றால் இனிப்பில்லாதது, லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரைக்குள் (புளிப்பு போதிய அளவு இருந்தால் 9 கிராம் வரை விடுவார்கள்). 'ஃபேல்ஸாரஸ்' 12 கிராம் வரை, புளிப்பு தூக்கலாக இருந்தால் 18 வரை. 'ஃபேலேதெஷ்' 45 வரை. அதற்கு மேல் போனால் 'ஏதெஷ்', முழு இனிப்பு. கடையில் அவசரத்தில் நடக்கும் தவறு பெரும்பாலும் இங்கேதான்: சூர்கெபராட் என்ற பெயரை மட்டும் பார்த்து எடுத்துவந்து, வீட்டில் திறந்த பிறகுதான் அது ஃபேலேதெஷ் என்று தெரியவரும். அந்தத் திராட்சையை மூன்று நான்கு வகையிலும் செய்கிறார்கள்.

ஆல்கஹால் அளவையும் பாருங்கள். 11.5 முதல் 12.5 சதவீதம் என்றால் அது மதிய வெயிலுக்கான மெல்லிய ஒயின். 13.5 என்றால் சாப்பாட்டோடுதான் நிற்கும்.

தெரிந்திருக்க வேண்டிய திராட்சைகள்

ஓலஸ்ரிஸ்லிங் முதலில் வரும், ஏனென்றால் நீங்கள் எங்கே உட்கார்ந்தாலும் அதுதான் வரும். ஜெர்மனியின் ரீஸ்லிங்குக்கும் இதற்கும் பெயரில் மட்டும்தான் உறவு. ரீஸ்லிங்கின் கூர்மையான புளிப்பை எதிர்பார்த்து வாய் வைத்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். இது மிதமான புளிப்பு, பச்சை ஆப்பிள், வைக்கோல் வாசனை, விழுங்கிய பின் நாக்கின் அடியில் கசப்பு பாதாமின் சுவை. அந்தக் கசப்பைக் குறையென்று நினைத்துப் பாட்டிலைத் திருப்பி அனுப்புபவர்கள் உண்டு. அதுதான் இந்தத் திராட்சையின் அடையாளம். எண்ணெய்ப் பண்டத்துக்குப் பிறகு வாயைத் துடைத்துவிடுவதும் அதுதான். மூன்று படிகளில் கிடைக்கும். பல தயாரிப்பாளர்கள் 'பாலட்டோன்போர்' என்ற பொதுப்பெயரில் விற்பது முழுக்க ஓலஸ்ரிஸ்லிங், இளசு, மெல்லிசு. அதற்கு மேலே ஊர்ப்பெயர் போட்டது. உச்சியில் தனித்தோட்டத்து ஒயின். சோபக்கில் தயாரிப்பாளர்கள் சிலர் சேர்ந்து 'சோபக்கி கோடெக்ஸ்' என்று தங்களுக்குத் தாங்களே விதிகள் வகுத்துக்கொண்டு, தோட்டத்தின் பெயரோடு ஓலஸ்ரிஸ்லிங்கை வெளியிடுகிறார்கள். அதில் ஒன்றையும் ஒரு பாலட்டோன்போரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பார்த்தால் போதும், மண்ணைப் பற்றி இங்கே சொன்னதெல்லாம் வாயிலேயே புரிந்துவிடும்.

கேக்னியெலூ படாச்சோனியின் சொத்து. இலைக்காம்பு நீலம் பாய்ந்திருக்கும். இதன் பூக்கள் பெண்தன்மை மட்டும் கொண்டவை, தானாகக் காய் பிடிக்காது. அதனால் பக்கத்து வரிசையில் புடாய் ஸெல்ட் என்ற வேறு ரகத்தை மகரந்தத்துக்காக நடுவது வழக்கம். பூக்கும் வாரத்தில் மழை பெய்தால் விளைச்சல் போச்சு. ஒரு காலத்தில் கிட்டத்தட்ட அழிந்தே போயிருந்தது. இப்போதும் கொஞ்சம்தான் இருக்கிறது, விலையும் அதற்கேற்றபடி. வாசனை குறைவு, புளிப்பு திடம், இரண்டு மூன்று வருடம் பாட்டிலில் இருந்தால்தான் வாய் திறக்கும். இந்த இரண்டு ரகங்களையும் ஒட்டுச் சேர்த்து உண்டாக்கியது ரோஸாக்யோ. விளைச்சல் நன்றாக வரும். கேக்னியெலூ கிடைக்காத இடத்தில் தயங்காமல் கேட்கலாம்.

சூர்கெபராட் என்பது பினோ கிரி என்ற திராட்சையின் ஹங்கேரிப் பெயர். அதே திராட்சையின் இத்தாலியக் கடைச்சரக்கான பினோ க்ரீஜியோவின் தண்ணீர்த்தனம் இதில் கிடையாது. கனமானது, பேரிக்காயும் தேனும் சேர்ந்த வாசனை. ஷோம்லோவின் யூஃபர்க் அதற்கு நேர் எதிர்: கடும் புளிப்பு, புகை, ஈரக்கல். ஆண் வாரிசு வேண்டுமென்று முதலிரவில் ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்தின் அரண்மனையில் இதைக் குடிப்பார்கள் என்று ஒரு கதை உண்டு; விற்பனைக்கு உதவும் கதை. ஃபுர்மின்ட் ஹங்கேரியின் இன்னொரு ஒயின் வட்டாரமான டோக்காயில் பேர்போனது, இந்தக் குன்றுகளிலும் நன்றாக வரும். மல்லிகையும் மஸ்கட்டும் மணக்கும் இர்ஷாய் ஒலிவேர், கெஸ்ட்ஹெய் பக்கம் உருவாக்கிய செர்செகி ஃப்யூஸெரெஷ் இரண்டும் வாசனை ரகங்கள். வாங்கிய வருடத்திலேயே குடித்து முடித்துவிடுங்கள்.

குளிர வைப்பது

மெல்லிய வெள்ளையும் ரோஸேயும் 8 முதல் 10 டிகிரி. எரிமலை மண்ணின் கனமான வெள்ளைகள் 11, 12. நுரைக்கும் ஒயின் 6 முதல் 8. கேக்ஃபிராங்கோஷ் போன்ற மெல்லிய சிவப்பு 14, 15. தனித்தோட்டத்து ஓலஸ்ரிஸ்லிங்கை 6 டிகிரிக்கு இறக்கினால் வாசனை முழுக்க அடங்கி, புளிப்பும் கசப்பும் மட்டும் மிஞ்சும். பணம் கொடுத்து வாங்கியதை மெல்லிய ஒயினாக்கிக் குடிப்பதற்குச் சமம்.

அறைவெப்பத்தில் இருந்த பாட்டிலுக்கு ஃப்ரிட்ஜில் இரண்டரை மூன்று மணி நேரம் வேண்டும். அவசரமென்றால் வாளியில் ஐஸும் தண்ணீரும் பாதிப்பாதி போட்டு, இரண்டு கைப்பிடி கல்லுப்பு சேர்த்து, பாட்டிலின் கழுத்து வரை முக்குங்கள். 15 முதல் 20 நிமிடத்தில் தயார். வெறும் ஐஸ் மட்டும் போட்டால் கட்டிகளுக்கு நடுவே காற்றுதான் நிற்கும். பாட்டிலை எல்லாப் பக்கமும் தொடுவது தண்ணீர்தான். ஃப்ரீஸரில் வைத்து மறந்தால் ஒயின் உறைந்து விரிந்து கார்க்கைத் தள்ளிவிடும், சில சமயம் பாட்டிலே விரிசல் விடும்.

கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்ற வேண்டாம். வெயிலில் உட்கார்ந்திருந்தால் பத்து நிமிடத்தில் அதுவே சூடாகிவிடும்.

தட்டைப் பார்த்து ஒயின்

எந்த உணவாக இருந்தாலும் கேட்க வேண்டியவை இவைதான்: கொழுப்பு எவ்வளவு, காரம் உண்டா, இனிப்பு உண்டா, தட்டில் ஏதாவது புளிக்கிறதா. கொழுப்பைப் புளிப்பு வெட்டும். உப்பு தூக்கலான உணவு ஒயினின் புளிப்பைக் குறைத்துக் காட்டும். காரத்தோடு அதிக ஆல்கஹாலோ, டானின் என்ற துவர்ப்போ சேர்ந்தால் எரிச்சல் கூடும். லேசான இனிப்பு அதைத் தணிக்கும். தட்டில் உள்ள இனிப்பைவிட ஒயின் இனிப்புக் குறைவாக இருந்தால் ஒயின் வெறும் புளித்தண்ணீராகத் தெரியும். வினிகர் போட்ட வெள்ளரி சாலட்டோடு மிதமான ஓலஸ்ரிஸ்லிங்கைக் குடித்தால் அது சப்பென்று ஆகிவிடும்; அங்கே ஃபுர்மின்டோ யூஃபர்க்கோதான் தாங்கும்.

ஃபோகஷ் என்ற பைக்-பெர்ச் மீன் ஏரியின் பெருமை. வெள்ளைச் சதை, கொழுப்பு மிகக் குறைவு, வாசனை மென்மை. எளிமையாக வெண்ணெயில் வாட்டினால் கேக்னியெலூ. மாவு தொட்டு முழுசாக எண்ணெயில் பொரித்தால் ஊர்ப்பெயர் போட்ட ஓலஸ்ரிஸ்லிங். க்ரீம் சாஸும் காளானும் சேர்ந்தால் சூர்கெபராட், ஆனால் ஸாரஸ் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஏரியில் வணிக மீன்பிடிப்பு 2013-இலேயே நின்றுவிட்டது. ஆகவே ஏரிக்கரையில் தின்னும் மீன் ஏரியில் பிடித்தது என்று நம்பிவிட வேண்டாம். மெனுவில் எங்கிருந்து வந்தது என்று கேட்பதில் தவறில்லை.

கரையோரக் கடைகளில் ஜனங்கள் வரிசையில் நிற்பது ஹெக்குக்கு. அது ஹேக் என்ற கடல்மீன், ஏரியில் ஒரு நாளும் நீந்தியதில்லை. பாப்ரிகா கலந்த மாவில் புரட்டிப் பொரித்து, எடைபோட்டு விற்பார்கள். கூடவே ரொட்டி, ஊறுகாய் வெள்ளரி. இதற்கும், பூண்டுத் தண்ணீர் தடவி சவர் க்ரீமும் சீஸும் குவித்த லாங்கோஷுக்கும் விலையுயர்ந்த பாட்டிலை வீணாக்காதீர்கள். ஒயினில் சோடா கலந்த ஃப்ரெச் போதும், அதைப் பிறகு பார்ப்போம். கெஸெக் என்ற முள் நிறைந்த சிறுமீனை இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளியில் கீறிப் பொரிப்பார்கள். முள்ளெல்லாம் மொறுமொறுப்பாகி மீனோடு போய்விடும். அதற்குப் பாலட்டோன்போர் பொருத்தம்.

ஹலாஸ்லே என்ற செந்நிற மீன் சூப்பில்தான் பலரும் தடுமாறுவார்கள். கெண்டையின் எண்ணெய்ச் சதை, பாப்ரிகா, மேலே கிள்ளிப் போட்ட காய்ந்த மிளகாய். டானின் நிறைந்த மெர்லோவை ஊற்றினால் வாயில் இரும்பைச் சுவைத்தது போல ஒரு கவிச்சி வரும். சிவப்பு ஒயினிலுள்ள இரும்புச்சத்து மீன் எண்ணெயோடு சேர்வதால் வருவது அது. கேக்ஃபிராங்கோஷ் ரோஸே நல்லது. சிவப்புதான் வேண்டுமென்றால் மர வாசனை இல்லாத இளசான கேக்ஃபிராங்கோஷை 14 டிகிரிக்குக் குளிர வைத்துக் கொடுங்கள்.

வாத்துத் தொடை, சிவப்பு முட்டைக்கோஸ் வந்தால் யூஃபர்க். அங்கே அதன் முரட்டுப் புளிப்பு வேலைக்கு உதவும். வாத்தீரலுக்குத் தாமதமாகப் பறித்த பழத்தில் செய்த இனிப்பு ஓலஸ்ரிஸ்லிங் அல்லது சூர்கெபராட், கிளாஸுக்கு 50 மில்லி போதும். ஸாலா வட்டாரத்தின் டெடெல்லே, அதாவது உருளைக்கிழங்கு மாவை உருட்டி வெங்காயத்தோடு கொழுப்பில் முறுகவிட்டு சவர் க்ரீமோடு தருவது, அதற்கு ஃபுர்மின்ட். காட்டுப்பன்றி, மான் சமைத்தால் டிஹானி அல்லது தென்கரையின் சிவப்பு.

இனிப்பில் ஒரு பொறி உண்டு. ஷோம்லோயி கலுஷ்கா என்ற கேக், சாக்லேட், ரம், க்ரீம் கலந்த பண்டத்தைப் பெயரைப் பார்த்து ஷோம்லோ ஒயினோடு சேர்க்கத் தோன்றும். அது புடாபெஸ்டின் குண்டெல் உணவகத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் இனிப்பு. அந்தக் குன்றின் ஒயினை மனத்தில் வைத்துச் செய்ததல்ல. இனிப்பில்லாத யூஃபர்க் அதன் முன்னால் எலுமிச்சைச் சாறாகிவிடும். பாலாடைக்கட்டி வைத்த ரேடெஷ் என்ற மெல்லிய மாவுச் சுருளுக்குத் தாமத அறுவடை ஒயின் வைக்கலாம், கலுஷ்காவுக்கு காபிதான்.

வீட்டில் செய்து பார்க்க: ஹர்ச்சா பாப்ரிகாஷ்

ஓலஸ்ரிஸ்லிங்கைச் சோதிக்க இதைவிடப் பொருத்தமான உணவு இல்லை: கொழுப்பு, பாப்ரிகா, சவர் க்ரீமின் புளிப்பு, பாலாடைக்கட்டி எல்லாம் ஒரே தட்டில் வரும். நான்கு பேருக்குத் தோல் நீக்கிய கெளுத்தி இன மீன்துண்டு 800 கிராம், பெரிய வெங்காயம் 2, பன்றிக் கொழுப்பு அல்லது எண்ணெய் 2 மேசைக்கரண்டி, இனிப்பு பாப்ரிகாத் தூள் ஒன்றரை மேசைக்கரண்டி, தக்காளி 1, வெளிர்பச்சைக் குடமிளகாய் 1, 20 சதவீதக் கொழுப்புள்ள சவர் க்ரீம் 200 கிராம், மைதா 1 மேசைக்கரண்டி. கூட வைக்கும் டூரோஷ் சூஸாவுக்கு அகலமான முட்டைப் பாஸ்தா 300 கிராம், டூரோ என்ற உதிரிப் பாலாடைக்கட்டி 250 கிராம், புகையூட்டிய பன்றிக் கொழுப்பு 100 கிராம்.

மீனை இரண்டு விரல் அகலத் துண்டுகளாக்கி, உப்புத் தடவி 20 நிமிடம் வையுங்கள். வெங்காயத்தைப் பொடியாக நறுக்கிச் சிறுதீயில் 15 நிமிடம், நிறம் மாறாமல் கண்ணாடி போல ஆகும்வரை வதக்குங்கள். சட்டியை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகுதான் பாப்ரிகா. கிளறிய கையோடு 250 மில்லி தண்ணீர் ஊற்றுங்கள். இந்த இடத்தில் அடுப்பில் வைத்தபடியே தூளைப் போட்டால் அதிலுள்ள சர்க்கரை சில நொடிகளில் கருகிக் கசந்துவிடும். ஓலஸ்ரிஸ்லிங்கில் ஏற்கனவே கசப்பு இருப்பதால் இரண்டும் சேர்ந்து சாப்பாட்டையே கெடுக்கும்; அப்படி ஆனால் கொட்டிவிட்டு மறுபடி தொடங்குவதே மேல்.

தக்காளி, குடமிளகாயை நறுக்கிப் போட்டு 15 நிமிடம் கொதிக்கவிடுங்கள். சவர் க்ரீமில் மைதாவைக் கட்டியில்லாமல் அடித்து, குழம்பிலிருந்து இரண்டு கரண்டி சூடான சாற்றை அதில் விட்டுக் கலக்கி, பிறகு சட்டியில் சேர்க்க வேண்டும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து நேரே கொட்டினால் திரிந்துவிடும். கடைசியாக மீனைப் போட்டு, கொதிக்க விடாமல் 8 முதல் 10 நிமிடம். கரண்டி போடாதீர்கள், சட்டியை இரு காதுகளையும் பிடித்து ஆட்டுங்கள். கிளறினால் மீன் உடைந்து கஞ்சியாகிவிடும். பாஸ்தாவை வேகவைத்து, உருக்கிய பன்றிக் கொழுப்பில் புரட்டி, டூரோவை உதிர்த்து, மொறுமொறுப்பான துண்டுகளை மேலே போடுங்கள்.

ஒயின்: சோபக் அல்லது ஃப்யூரெட்டின் தனித்தோட்டத்து ஓலஸ்ரிஸ்லிங், 11 டிகிரி. காரப் பாப்ரிகா சேர்த்திருந்தால் ஃபேல்ஸாரஸ் சூர்கெபராடுக்கு மாறுங்கள்.

ஃப்ரெச் கலக்கும் முறை

ஒயினும் சோடாவும்தான். கலவையின் அளவுக்கு ஏற்பப் பெயர் மாறும்: 1 டெசிலிட்டர் (100 மில்லி) ஒயினுக்கு 1 சோடா என்றால் கிஷ்ஃப்ரெச்; 2 ஒயின் 1 சோடா நாஜ்ஃப்ரெச்; 1 ஒயின் 2 சோடா ஹோஸூலேபேஷ்; 3 ஒயின் 2 சோடா ஹாஸ்மெஷ்டெர். வெயில் நேரத்தில் ஹோஸூலேபேஷ், சாப்பாட்டோடு நாஜ்ஃப்ரெச். ஒயினும் சோடாவும் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். முதலில் ஒயின், அதன்மேல் சோடாவைப் பீய்ச்சுங்கள், தானாகக் கலந்துவிடும். ஐஸ் கட்டி போட்டால் உருகி நீர்த்துப்போகும். மரப்பீப்பாயில் வைத்த ஒயினில் சோடா சேர்த்தால் மரக்கசப்பு மட்டும் தனியே துருத்தும், ஆகவே பாலட்டோன்போர், இர்ஷாய் போன்ற மெல்லிசுகளே சரி.

கரைக்குப் போனால்

உணவகங்களில் ஒயின் டெசி கணக்கில் விலை போட்டிருப்பார்கள், ஒரு டெசி 100 மில்லி. முதலில் ஒரு டெசி வாங்கிப் பார்த்துவிட்டுப் பாட்டில் சொல்லலாம். ருசி பார்க்கும் வரிசை: நுரைக்கும் ஒயின், வாசனை ரகம், இளசான ஓலஸ்ரிஸ்லிங், தனித்தோட்டத்து வெள்ளை, சிவப்பு, இனிப்பு. இர்ஷாயை யூஃபர்க்குக்குப் பின்னால் குடித்தால் சோப்புத் தண்ணீர் மாதிரி இருக்கும்.

ஹங்கேரியில் வண்டி ஓட்டுபவர் ரத்தத்தில் ஆல்கஹால் துளியும் இருக்கக்கூடாது என்பது சட்டம். பிரச்சினையில்லை, இரு கரையிலும் ரயில் ஓடுகிறது. புடாபெஸ்டின் டேலி நிலையத்திலிருந்து டபோல்சா போகும் வடகரை ரயில் ஃப்யூரெட், படாச்சோனி இரண்டிலும் நிற்கும். ஃப்யூரெட்டில் இறங்கினால் ஏரிக்கரை நடைபாதையில் தாகூரின் பெயரைப் பார்ப்பீர்கள். 1926-இல் அங்குள்ள இதய மருத்துவமனையில் சிகிச்சைக்கு வந்தவர் ஒரு மரம் நட்டுப் போனார்.

திறந்த பாட்டிலை மறுபடி கார்க் போட்டு ஃப்ரிட்ஜில் நிறுத்தி வையுங்கள், படுக்க வைக்க வேண்டாம். வாசனை ரகங்கள் இரண்டு நாள் தாங்கும், ஓலஸ்ரிஸ்லிங் மூன்று நான்கு நாள். யூஃபர்க்கும் கேக்னியெலூவும் பெரும்பாலும் இரண்டாம் நாளில்தான் நன்றாக இருக்கும். ஆகவே விருந்துக்கு அவற்றைத் திறப்பதானால் முந்தைய நாள் இரவே கார்க்கை எடுத்து, ஒரு கிளாஸ் ஊற்றிவிட்டு மூடி வைத்துவிடுங்கள்.